அழுவுறதுன்னா சரியான காரணத்துக்கு அழுவுங்க

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த அக்கா மகன் போனில் ஒரு வீடியோ காட்டினான். இங்கிலாந்தில் சோலிஹல் தொழிற்சாலை, 2016 ஜனவரி 29. கடைசி லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வெளியே வருது. சுத்தி நிக்கிற தொழிலாளிங்க கை தட்டுறாங்க. "ஒரு காலமே முடிஞ்சு போச்சு மாமா"ன்னு உச்சுக் கொட்டினான்.

"அது எதுக்குடா செஞ்ச வண்டி?"ன்னு கேட்டேன்.

"ஆஃப் ரோடு போறதுக்கு."

இங்கதாங்க எனக்குக் கோவம் வருது. ஆஃப் ரோடுங்கிறது உங்களுக்கு ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கு. எங்களுக்கு அது வீட்டுக்கு வர்ற வழி.

அந்த வண்டியை விவசாயிக்குன்னு செஞ்சாங்க. ரோவர் கம்பெனியின் தலைமை இன்ஜினியர் மாரிஸ் வில்க்ஸுக்கு வேல்ஸ் பக்கம் ஆங்கிலசி தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே போரில் கழிச்சுப் போட்ட வில்லிஸ் ஜீப் ஒன்றை வைத்து வேலை பார்த்தார். அதைவிட நல்லதாக நாமே ஒன்று செய்யலாமே என்று 1947ல் கடற்கரை மணலில் படம் வரைந்து அண்ணனுக்குக் காட்டினாராம். 1948 ஏப்ரல் 30, ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டி வந்தாச்சு. போர் முடிஞ்ச நேரம், இரும்புக்குத் தட்டுப்பாடு. அதனால் பாடிக்கு அலுமினியக் கலவைத் தகடு. நம்ம டிராக்டரில் இருக்கிற மாதிரி பிடிஓ மாட்டிக்கலாம். கதிரடிக்கலாம், மரம் அறுக்கலாம், மறுநாள் அதிலேயே சந்தைக்கும் போகலாம். விலை 450 பவுண்டு.

68 வருஷத்தில் 20 லட்சத்துக்கு மேல செஞ்சாங்க. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சனிலிருந்து சந்தக்பூ மலைக்கு அந்தக் காலத்து லேண்ட் ரோவர்கள் ஆள் ஏத்திக்கிட்டுப் போனது சுற்றுலா போனவங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷம் ஓடக் காரணம் ஒன்றுதான். எதை வேணும்னாலும் கழட்டலாம், ஊர்ப் பட்டறையிலேயே மாட்டலாம்.

"புகை, பாதுகாப்பு விதி வந்துச்சு, அதான் நிறுத்தினாங்க"ன்னு சொல்வீங்க. சரிதான். அந்தப் புகையை எங்க பிள்ளைகளும்தான் சுவாசிக்குது. ஏர்பேக் இல்லாத வண்டியை இன்னும் நூறு வருஷம் ஓட்டணும்னு நான் சொல்லலை. ஆனா புகையைக் குறைக்கணும்னு சொன்ன எந்தச் சட்டமும், சொந்தக்காரன் ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாதுன்னு சொல்லலையே? அதை முடிவு பண்ணினது வண்டி செய்யறவங்க.

போன ஆடிப்பட்டத்தில் நடந்தது. நல்ல மழை, மண்ணில் ஈரம் பக்குவமா நின்னது. பக்கத்துத் தோட்டத்து அண்ணனோட புது டிராக்டர் பாதிக் காட்டில் நின்னு போச்சு. ஏதோ சென்சார். டீசல் இருக்கு, இன்ஜின் நல்லாருக்கு, ஆனா மீட்டரில் சிவப்பு விளக்கு எரியுது. எங்க ஊர் மெக்கானிக் முப்பது வருஷ அனுபவக்காரர், கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னார். டவுனிலிருந்து லேப்டாப்போட ஆள் வர மூணு நாளாச்சு. அதுக்குள்ள ஈரம் காஞ்சு போச்சு. அந்தப் பாதிக் காட்டில் சோளம் முளைச்சும் முளைக்காம நின்னதை நான் தினமும் பார்த்துக்கிட்டே போனேன்.

இப்போ அந்த டிஃபெண்டர் என்ன ஆச்சுன்னு பாருங்க. 2018ல் பழைய வண்டிகளையே எடுத்து, பெரிய வி8 இன்ஜின் வைத்து 150 வண்டி மட்டும் விற்றார்கள். ஆரம்ப விலை ஒன்றரை லட்சம் பவுண்டு. 2019ல் அதே பெயரில் புது டிஃபெண்டர் வந்தது, ஸ்லோவாக்கியாவில் செய்யறாங்க. ரொம்ப நல்ல வண்டிதான். ஆனா அதை வாங்கி எந்த விவசாயி பின்னாடி எருவை ஏத்துவான்? உழவனுக்குன்னு வந்த பெயரை ஷோரூமுக்குக் கொண்டு போயிட்டாங்க. அந்தக் கம்பெனி 2008லிருந்து நம்ம டாடா கையில்தான் இருக்கு. அதனால இது வெள்ளைக்காரன் கதைன்னு ஒதுக்கவும் முடியாது.

வண்டியோட சதுர மூஞ்சிக்காக அழுவாதீங்க. அது போஸ்டரில் இருக்கும். வாங்கினவனே பழுது பார்க்கிற உரிமை போச்சே, அதுக்கு அழுவுங்க. 2022ல் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் திறந்தது. விவசாயக் கருவியும் அந்தப் பட்டியலில் இருக்கு. இணையதளம் போதாது, சட்டமா வரணும். சென்சார் என்ன சொல்லுதுன்னு படிக்கிற கருவியும், உதிரி பாகமும், அதைச் சொல்லித் தர்ற புத்தகமும் எங்க ஊர் மெக்கானிக் கைக்குக் கிடைக்கணும்.

நீங்க கேட்டாத்தான் அவங்க காதில் விழும், ஏன்னா இன்னைக்கு வாடிக்கையாளர் நீங்கதான். அடுத்த தடவை காரோ, மிக்ஸியோ, போனோ வாங்கப் போனா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இதை எங்க தெருவுல ரிப்பேர் பண்ண முடியுமா?"

அக்கா மகன்கிட்டயும் இதைத்தான் சொன்னேன். "யோசிக்கிறேன் மாமா"ன்னான். ஊருக்குக் கிளம்பும்போது, என் பழைய டிராக்டர் டீசல் ஃபில்டரைக் கழட்டி மாட்ட விட்டேன். கையெல்லாம் டீசல் நாத்தம். பய முகத்தில் சிரிப்பைப் பார்க்கணுமே!