வைட் தீவின் பொறியியல் வேலைகளுக்குச் சுற்றுலா ஈடாகாது



சிறு தீவுகளில் பொறியியல் ஆலைகள் மூடப்படும்போதெல்லாம், அது சந்தையின் இயல்பான போக்கு என்றும், வேலையிழந்தோருக்குச் சுற்றுலாத் துறை இடமளிக்கும் என்றும் சொல்லப்படும் சமாதானம் கடுமையாக மறுக்கப்பட வேண்டிய ஒன்றாகும். இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டி, சோலண்ட் என்னும் நீரிணையால் பிரிக்கப்பட்டுக் கிடக்கும் வைட் தீவின் கடந்த அறுபது ஆண்டு வரலாறே அதற்குப் போதிய மறுப்பாக இருக்கிறது. ஏறத்தாழ 380 சதுர கிலோமீட்டர் பரப்பும் 1,40,000 மக்களும் கொண்ட இத்தீவைப் பெருநிலத்துடன் இணைக்கப் பாலமோ சுரங்கப்பாதையோ கிடையாது. பெருநிலத்து நகரொன்றில் ஆலை மூடப்பட்டால் தொழிலாளி அடுத்த ஊர் ஆலைக்குப் பேருந்தில் போய்வர முடியும். இங்கே மூடப்பட்டால் அவர் தனியார் நிறுவனங்கள் நடத்தும் படகுகளுக்குக் கட்டணம் கொடுத்து நாள்தோறும் கடலைக் கடக்க வேண்டும், அல்லது குடும்பத்தோடு தீவை விட்டு வெளியேற வேண்டும், இரண்டும் இயலாவிட்டால் கற்ற தொழிலையே கைவிட வேண்டும்.

இத்தீவின் பொறியியல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ஓர் அறிவாகும். சாமுவேல் சாண்டர்ஸ் என்னும் படகு கட்டுநர், மெல்லிய மரத்தகடுகளை அடுக்கி, இடையிடையே நீர்புகாத துணியை வைத்து, அனைத்தையும் செப்புக் கம்பியால் தைத்துப் படகின் உடலை உருவாக்கும் முறையைத் தேம்ஸ் ஆற்றங்கரையில் கண்டறிந்தார். 'கன்சூட்டா' எனப் பெயர்பெற்ற அம்முறையை அவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவின் வடமுனையிலுள்ள கௌஸ் நகருக்குக் கொண்டுவந்தார். இலேசாகவும் உறுதியாகவும் அமைந்த அந்த உடல், நீரிலிருந்து எழும்பிப் பறக்கும் கடல் விமானங்களுக்கும் பொருந்தியது. அவருடைய பட்டறையின் வழிவந்த சாண்டர்ஸ்-ரோ நிறுவனம், கிறிஸ்டோபர் காக்கரெல் வகுத்த கோட்பாட்டின்படி, தனக்கு அடியில் காற்றை அழுத்தி அந்தக் காற்றுமெத்தையின் மீது நகரும் ஹோவர்கிராஃப்டை உருவாக்கி, 1959 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடக்கச் செய்தது. மண்டபத்திலிருந்து பாக் நீரிணையில் ரோந்து செல்லும் இந்தியக் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்டுகள் அந்தக் கண்டுபிடிப்பின் வழித்தோன்றல்களே. 1971 டிசம்பரில் டையூ அருகே போரில் மூழ்கிய இந்தியக் கடற்படையின் குக்ரி போர்க்கப்பலும் கௌஸிலிருந்த ஜே. சாமுவேல் வைட் தளத்தில் கட்டப்பட்டதே. அத்தகைய கப்பல்களைக் கட்டிய அந்தத் தளம் 1960களின் நடுவிலேயே கப்பல் கட்டுவதை நிறுத்திக்கொண்டது.

இவ்வாறு சேர்ந்த திறனை அரசு எப்படி நடத்தியது என்பதற்குப் 'பிளாக் ஏரோ' ராக்கெட் சான்றாகும். ஹைட்ரஜன் பெராக்சைடையும் மண்ணெண்ணெயையும் உந்துபொருள்களாகக் கொண்ட இந்த ராக்கெட், கௌஸில் உருவாக்கப்பட்டு, தீவின் மேற்கு முனையான நீடில்ஸ் பாறைகளுக்கு மேலுள்ள ஹை டவுன் தளத்தில் சோதிக்கப்பட்டது. அமெரிக்க ராக்கெட்டுகளைப் பயன்படுத்துவது மலிவு என்ற கணக்கில் பிரிட்டிஷ் அரசு 1971 ஜூலை 29 அன்று திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. அதன் பின்னர், அக்டோபர் 28 அன்று, ஆஸ்திரேலியாவின் வூமெராவிலிருந்து ஏவப்பட்ட அதே ராக்கெட் பிராஸ்பெரோ என்னும் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வெற்றிகரமாக நிலைநிறுத்தியது. சொந்த ராக்கெட்டில் செயற்கைக்கோளை ஏவும் திறனை எட்டிய பின் அதைத் தானே துறந்த நாடு பிரிட்டன் ஒன்றே. ஒரு ராக்கெட்டின் விலையைக் கணக்கிட்டவர்கள், அதைச் செய்யத் தெரிந்தவர்களை மீண்டும் உருவாக்க ஆகும் விலையைக் கணக்கிடவில்லை.

அதே பிழை 2009இல் திரும்பவும் நடந்தது. மெல்லிய அடுக்குகளைப் பிணைத்து உடல் செய்யும் பழைய அறிவு, இப்போது கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்து அச்சில் படியவைக்கும் கூட்டுப்பொருள் தொழிலாக மாறி, டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனத்தின் நியூபோர்ட் ஆலையில் காற்றாலை இறக்கைகளை உருவாக்கிக்கொண்டிருந்தது. கார்பன் உமிழ்வைக் குறைப்பதற்கான தேசியத் திட்டத்தை ஜூலை 15 அன்று வெளியிட்டு, பசுமை வேலைவாய்ப்புகளை அரசு உறுதியளித்த அதே மாதத்தில், அந்த ஆலை மூடப்படவிருந்தது. ஜூலை 20 அன்று தொழிலாளர்கள் சிலர் ஆலைக்குள் புகுந்து அமர்ந்து போராடினர். ஆகஸ்ட் 7 அன்று நீதிமன்ற ஆணையின் பேரில் வெளியேற்றப்பட்டனர். நானூறுக்கும் மேற்பட்ட வேலைகள் பறிபோயின. அங்கே செய்யப்பட்ட இறக்கைகள் அமெரிக்கச் சந்தைக்கானவை என்பதும், பிரிட்டனில் நிலக்காற்றாலைகளுக்கு அனுமதி கிடைப்பதில் நேர்ந்த தாமதம் உள்நாட்டுத் தேவையைச் சுருக்கிவிட்டது என்பதும் நிறுவனம் கூறிய காரணங்கள். அவற்றில் உண்மை உண்டு. தீவிலேயே காற்றாலை நிறுவ முன்வைக்கப்பட்ட திட்டங்களை உள்ளூர்வாசிகள் பலர் எதிர்த்ததையும் மறைப்பதற்கில்லை. ஆனால் தேவையை உருவாக்கும் அதிகாரம் அனுமதி விதிகளை வகுக்கும் அரசிடமே இருந்ததால், சந்தை சுருங்கிவிட்டது என்று அரசே கைவிரித்தது ஏற்கத்தக்கதன்று.

தீவில் ஆராய்ச்சிப் பிரிவு விட்டுவைக்கப்பட்டதால், சில ஆண்டுகளுக்குப் பின் கடற்காற்றாலைகளுக்கான 80 மீட்டர் நீள இறக்கைகள் அங்கே மீண்டும் தயாராயின என்பதும், விமானப் பாகங்களும் ராடார்களும் செய்யும் ஆலைகள் இன்றும் இயங்குகின்றன என்பதும், கவலைக்கு இடமில்லை என்பதற்கான சான்றுகளாகக் காட்டப்படுவதுண்டு. உண்மையில் அவை எதிர்மாறானதையே மெய்ப்பிக்கின்றன: திறனாளிகளில் ஒரு பகுதியினர் ஊரில் இருந்ததனால்தான் வேலை திரும்ப வந்தது, எவரும் எஞ்சாத ராக்கெட் தொழில் திரும்பவில்லை. விதைநெல்லை விற்றுவிட்டு அடுத்த பருவ விளைச்சலைப் பற்றிப் பேசுவது எந்த ஊரிலும் வேளாண்மை ஆகாது.

சுற்றுலா இந்த இழப்பை நிரப்பும் என்ற வாதம் இரண்டு காரணங்களால் நிற்காது. முதலாவதாக, தங்கும் விடுதியிலும் உணவகத்திலும் கிடைக்கும் வேலை பெரும்பாலும் கோடைப்பருவத்தோடு முடிவது. ஆண்டு முழுவதும் ஊதியம் தரும் ஆலை வேலையை நம்பி வீட்டுக்கடன் வாங்கியவரை அது தாங்காது. இரண்டாவதாக, பொறியியல் ஆலை என்பது தொழில் பழகுநர்களின் பள்ளியும் ஆகும். மூத்த ஃபிட்டரின் பக்கத்தில் நின்று பல ஆண்டுகள் கற்கும் இளைஞர் இல்லாமற்போனால், மூத்தவரின் ஓய்வோடு அந்தத் தொழிலும் தீவிலிருந்து ஓய்ந்துவிடும்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. பொதுப்பணத்தால் மானியமோ ஆராய்ச்சி உதவியோ பெறும் நிறுவனம், தீவு ஆலையை மூடுவதற்கு முன் நீண்ட கால முன்னறிவிப்புத் தர வேண்டும். அச்சுகளையும் இயந்திரங்களையும் வெளியே கொண்டுசெல்லுமுன் அவற்றைத் தொழிலாளர் கூட்டுறவுக்கோ வேறு உற்பத்தியாளருக்கோ நியாயமான விலைக்கு வாங்கும் வாய்ப்பு அளிக்க வேண்டும். பயிற்சியை முடிக்காத பழகுநர்கள் அதை முடிக்க வழிசெய்ய வேண்டும். வேலைக்காகக் கடலைக் கடப்போரின் படகுக் கட்டணத்தைச் சந்தையின் விருப்பத்துக்கு விடாமல் அரசு வரையறுக்க வேண்டும். இந்நிபந்தனைகள் முதலீட்டை விரட்டிவிடும் என்று சொல்வோர், நிபந்தனையே இல்லாத அறுபது ஆண்டுகளில் தீவை விட்டுப் போன தொழில்களின் பட்டியலை முதலில் படித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்