இரண்டு இலை விட்ட அரசங்கன்று

மத்தியான நேரத்தில் எங்கள் ஊர் வலை பின்னும் கூடத்துக்குப் போனால் நாலு பேர் வலையோடும் பத்துப் பேர் பேச்சோடும் உட்கார்ந்திருப்பார்கள். விடியலில் கரை திரும்பியவர்களுக்கு அதுதான் படிப்பகம், அதுதான் சபா. சென்னை கோகலே மன்றத்தை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கூடம்தான் எங்கள் கண்முன் வருகிறது.

அரண்மனைக்காரன் தெருவில் (ஆர்மீனியர் தெரு என்பது மக்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது) இளைஞர்கள் கூடிப் பேசவும் படிக்கவும் அன்னி பெசன்ட் அம்மையார் 1915இல் எழுப்பிய மன்றம் அது. அந்த ஆண்டுதான் தேசியத் தலைவர் கோகலே மறைந்தார். அவர் பெயரையே வைத்தார்கள். தன்னாட்சி கேட்ட ஹோம் ரூல் இயக்கக் கூட்டங்கள் நடந்த அதே மேடையில் கச்சேரிகளும் நடந்தன. வேலை முடிந்து வந்த குமாஸ்தா அங்கே அரசியலும் கேட்டார், ஆலாபனையும் கேட்டார். அதை உடைமைக்காரர்களே இடிக்கத் தொடங்கியபோது மரபு ஆர்வலர்கள் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார்கள். அதற்குள் கடப்பாரை நிறைய வேலை பார்த்திருந்தது. தடையாணை ஆட்களை நிறுத்தியது. திறந்து கிடந்த சுவர்களில் மழை இறங்குவதை அதனால் நிறுத்த முடியவில்லை.

புதுச்சேரி மேரி கட்டடத்தை யாரும் இடிக்கவில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்து நகர மன்றம், கடலைப் பார்த்தபடி பழுதாகிக் கிடந்தது. 2014 நவம்பர் 29ஆம் தேதி, மழையில் தானாகவே சரிந்தது. பிறகு உலக வங்கி நிதியில் அதே தோற்றத்தில் கட்டி 2021இல் திறந்தார்கள். திரும்ப எழுந்ததில் மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்தப் பழைய சுவரைத் தொட்டவர்களுக்கு நெஞ்சில் ஒரு முள் இருக்கும்.

சுண்ணாம்புக் காரைக் கட்டடம் ஒருநாளில் கெடாது. முதலில் மொட்டைமாடித் தூம்பு அடைக்கும். தேங்கிய நீர் காரைக்குள் இறங்கும். பறவை எச்சத்தோடு விழுந்த விதை கைப்பிடிச்சுவர் இடுக்கில் அரசங்கன்றாக முளைக்கும். இரண்டு இலை விட்டிருக்கும்போது விரலால் பிடுங்கிவிடலாம். விட்டுவிட்டால் வேர் செங்கல்லைப் பிளந்துகொண்டு உள்ளே போகும். விரிசலை யாரோ சிமென்ட் வைத்துப் பூசுவார்கள். சுவர் குடித்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். கடைசியில் பொறியாளர் வந்து 'பயன்பாட்டுக்குத் தகுதியற்றது' என்று எழுதுவார். அவர் எழுதுவது பொய்யல்ல. பொய்யாக இருந்தால் எதிர்ப்பது சுலபம். புல்டோசர் வந்தபின் கூடுகிற கூட்டம் தோற்பது பெரும்பாலும் இந்த ஒற்றைத் தாளிடம்தான்.

ஆகவே எதிர்ப்பை நாம் அந்த இரண்டு இலையிலிருந்தே தொடங்க வேண்டும் என்கிறோம். காரைக்காலிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பூட்டிக் கிடக்கும் படிப்பகம், மன்றம், நாடகக் கொட்டகை எதுவானாலும், ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை போய்ப் பாருங்கள். அனுமதி கேட்டு மாடியேறித் தூம்பைப் பாருங்கள். அங்கே கடைசியாக எப்போது ஆட்கள் கூடினார்கள், சாவி இப்போது யார் கையில் என்று விசாரித்து எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழின் நடுப்பக்கங்களை அதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.