விடியலில் முன்னிற்பவர் யார்?

ஈஜிபுராவில் அறையெடுத்துத் தங்கியுள்ள நம் மாணவர் சிலர் காலை ஐந்தரை மணிக்கே திடலில் கூடி உடற்பயிற்சி செய்கின்றனர். 2017-இல் பணி தொடங்கி ஆண்டுக்கணக்கில் முடியாது நின்ற மேம்பாலத் தூண்களின் அடியில் வண்டிகள் முட்டி மோதுமுன் அறை திரும்பிவிடுகின்றனர். பாராட்டுவோம்! ஆனால், நாள்தோறும் முன்னின்று நடத்துபவர் ஒருவரே. அவர் ஊருக்குப் போய்விட்டால் திடல் வெறிச்சோடிவிடுகிறது. இதுவா முறை?

அமெரிக்காவில், சார்லட் நகரில் 2011 புத்தாண்டு நாளன்று தொடங்கிய 'எஃப்3' என்னும் ஆடவர் பயிற்சிக் குழுவைப் பாருங்கள். கட்டணமில்லை, கூரையில்லை, மழையானாலும் குளிரானாலும் விடுப்பில்லை. நடத்தும் பொறுப்பு ஆள் மாற்றி ஆளுக்கு வரும். அதற்குத் தனிப்பயிற்சியோ சான்றிதழோ வேண்டாம். நடத்துபவர் ஏவிவிட்டு நிற்கமாட்டார், தாமும் உடன் செய்வார். முடிவில் வட்டமாய் நின்று பேசிவிட்டுக் கலைவர். (ஆடவர்க்கு மட்டும் என்னும் விதி எனக்கு உவப்பன்று, அது வேறு வழக்கு.)

"நாலு பேர் முன்னால் எனக்கு நா எழாதே!" என்பார் நம்மிடையே உண்டு. அவரன்றோ முதலில் முன்வர வேண்டும்! இருட்டில் இருபது பேர் கேட்க 'ஒன்று, இரண்டு' என்று உரக்க எண்ணிப் பழகியவன், மன்றக் கூட்டத்தில் எழுந்து பேசவா அஞ்சுவான்? பத்தாவது தண்டாலில் மூச்சு வாங்கினால்தான் என்ன? பதினொன்றைப் பின்வரிசைக்காரன் எண்ணட்டும்.

வரும் திங்கட்கிழமை யார் முறை?