ரயிலின் நீளத்தை விடுங்கள், அடுத்த பஸ் எப்போது என்று கேளுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் இதையாவது முழுசாகப் படித்துவிடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குள் ஒரு பட்டிமன்றம் ஓயாமல் நடக்கிறது. எந்த ஊர் ரயில் உசத்தி, எந்த ஊர் பஸ் மட்டம் என்பதுதான் தலைப்பு. நியூயார்க் சப்வே அழுக்கு, எலி ஓடுகிறது என்கிறார் ஒருவர். வாஷிங்டன் மெட்ரோ பளிச்சென்று இருக்கும் என்கிறார் இன்னொருவர். எங்கள் ரயில் பாதை எவ்வளவு நீளம் தெரியுமா என்கிறார் டாலஸ்காரர். இதையெல்லாம் கேட்டுவிட்டு இங்கே உள்ள உறவுக்காரர்கள், "மெட்ரோ வந்தால்தான் ஊர் முன்னேறும், டவுன் பஸ் எல்லாம் இல்லாதவர்களுக்கு" என்று தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள்.

அந்தத் தீர்ப்பு தப்பு. அளவுகோலே தப்பாக இருந்தால் விடை எப்படிச் சரியாக வரும்?

கணக்கு வாத்தியார் என்ற முறையில் நான் சொல்லும் அளவுகோல் மூன்றே கேள்விதான். சொந்த வண்டி இல்லாத ஒருவர் அடுத்த வண்டிக்கு எவ்வளவு நேரம் காத்து நிற்கிறார்? கடைசி வண்டி எத்தனை மணிக்கு? அவர் போக வேண்டிய இடத்துக்கு அது போகிறதா? சுத்தம், ஏசி, கண்ணாடிக் கதவு எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இப்போது போட்டுப் பாருங்கள். 1904இல் ஓட ஆரம்பித்த நியூயார்க் சப்வேயில் 472 நிலையங்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் ரயில் உண்டு. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வரும் பெண்ணுக்கு எலி ஒரு பொருட்டா? அவளை வீடு சேர்க்கிற ரயில்தான் பெரிது. டாலஸில் இருப்பது சுமார் 150 கிலோமீட்டர். அமெரிக்காவின் நீளமான இலகு ரயில் பாதைகளில் ஒன்று. ஆனால் பல நேரங்களில் இருபது நிமிடம், அரை மணிக்கு ஒரு வண்டி. இறங்கிய இடத்திலிருந்து வீட்டுக்குப் போகக் கார் வேண்டும். பாதையை நீட்டினார்கள், காத்திருப்பைக் குறைக்கவில்லை.

அதே டாலஸுக்குப் பக்கத்தில் ஆர்லிங்டன் என்றொரு நகரம். ஏறக்குறைய நாலு லட்சம் மக்கள். அங்கே வழக்கமான தடத்தில் ஓடும் பஸ்ஸே கிடையாது. செயலியில் கூப்பிட்டால் வரும் வேன்தான். நம் அய்யம்பாளையம் ஒரு பேரூராட்சி. இங்கிருந்து வத்தலக்குண்டுக்கும் திண்டுக்கல்லுக்கும் பஸ் ஏறலாம். எது முன்னேறிய ஊர் என்று நீங்களே சொல்லுங்கள்.

"பஸ் நஷ்டத்தில் ஓடுகிறதே சார்" என்பீர்கள். அமெரிக்காவில் எந்தப் பெரிய நகரத்திலும் டிக்கெட் காசு மட்டும் வைத்து பஸ்ஸையும் ரயிலையும் நடத்திவிட முடியவில்லை. அரசுப் பள்ளிக்கூடம் லாபத்திலா நடக்கிறது? மேம்பாலத்துக்கு யாராவது லாப நஷ்டக் கணக்குக் கேட்டதுண்டா? கார் போகிற வழிக்குச் செலவு செய்தால் அது முதலீடு, பஸ்ஸுக்குச் செலவு செய்தால் அது நஷ்டம். இந்தக் கணக்கை எந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்தார்?

இருந்ததைத் தொலைத்தவர்கள் கதையையும் கேளுங்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு காலத்தில் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் மின்சார ரயில் பாதை இருந்தது. காரை நம்பி ஒவ்வொன்றாக மூடினார்கள். 1960களின் தொடக்கத்தில் கடைசித் தடமும் நின்றது. இன்று கோடி கோடியாகக் கொட்டி மறுபடி பாதை போடுகிறார்கள். நாம் மட்டும் என்ன செய்தோம்? சென்னையில் 1895இலேயே மின்சார டிராம் ஓடியது. 1953இல் மூடினோம். 2015இல் மெட்ரோவுக்கு ரிப்பன் வெட்டினோம். கையில் இருப்பதை விட்டுவிட்டுப் பிறகு பல மடங்கு விலை கொடுத்து வாங்குவது இரண்டு நாட்டுக்கும் பொதுப் பழக்கம்.

சென்னை மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்துக்கு அது வேண்டும். ஆனால் இரண்டாம் கட்டத்துக்கு மதிப்பீடு 63,246 கோடி ரூபாய், நீளம் 118.9 கிலோமீட்டர். வகுத்தால் கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல். அந்த ஒரு கிலோமீட்டர் காசில் எத்தனை பஸ் வாங்கலாம், எத்தனை டிரைவர், கண்டக்டருக்கு வேலை கொடுக்கலாம் என்று வீட்டுப்பாடமாகப் போட்டுப் பாருங்கள். மெட்ரோவுக்கு வாய் திறக்கும் நாம் பஸ்ஸுக்கு ஏன் வாய் திறப்பதில்லை?

பஸ்ஸை வைத்தே ஒரு ஊரை மாற்ற முடியும் என்பதற்கும் அமெரிக்காவிலேயே சாட்சி இருக்கிறது. காருக்குப் பேர்போன ஹூஸ்டனில் 2015 ஆகஸ்டில் பஸ் தடங்களை மொத்தமாக மாற்றிப் போட்டார்கள். நெளிந்து வளைந்து போனவற்றை நேராக்கினார்கள். முக்கியத் தடங்களில் அடிக்கடி வண்டி, சனி ஞாயிறிலும் வண்டி. சியாட்டில் மக்கள் 2014இல் ஓட்டுப் போட்டுத் தங்கள் மேலேயே வரி போட்டுக்கொண்டு பஸ் சேவையைக் கூட்டினார்கள். இரண்டிலும் முதல் வேலை பஸ்ஸுக்குத்தான்.

இனி கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். பணம் இல்லை என்பது பாதிக் காரணம்தான். யாரோடு உட்கார வேண்டியிருக்கும் என்பது மீதிக் காரணம். அட்லாண்டாவில் 1971இல் ரயில், பஸ் திட்டத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது. சுற்றியிருந்த கவுண்டிகளில் க்வினெட்டும் கிளேட்டனும் வேண்டாம் என்றன. கறுப்பின மக்கள் தங்கள் பக்கம் வந்துவிடுவார்கள் என்ற பயம் அதில் பெரும்பங்கு. கிளேட்டன் சேர 2014 ஆனது. க்வினெட் இன்னும் சேரவில்லை.

சிரிக்காதீர்கள். நம் பஸ் பக்கவாட்டில் ஒரு காலத்தில் "ராணி மங்கம்மாள்" என்று எழுதியிருந்தது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1997இல் அந்தப் பெயர் ஏன் அழிந்தது? விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். ஒடுக்கப்பட்ட சமூகத்து வீரன் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. கடைசியில் எல்லாக் கழகங்களின் பெயரையும் எடுத்துவிட்டார்கள். அட்லாண்டாவைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை குறைவு.

"ஓசி பஸ்" என்று கேலி பேசும் உறவுக்காரர்களுக்கும் இதையே சொல்கிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2024 பட்ஜெட்டில் மலைப்பகுதிக்கும் உண்டு என்று அறிவித்தார்கள். தோட்ட வேலைக்கும் ஜவுளிக்கடை வேலைக்கும் போகிற பெண்ணின் கையில் மாதம் சில நூறு ரூபாய் மிஞ்சுகிறது. அதைச் சொல்லிக் காட்டும் ஆள் தன் காரை ரோட்டோரத்தில் இனாமாக நிறுத்துகிறார். அது ஓசி இல்லையா? நியூயார்க்கில் 2025 ஜனவரியிலிருந்து மன்ஹாட்டனின் நெரிசல் பகுதிக்குள் பகலில் நுழையும் காருக்கு 9 டாலர் வாங்கி அந்தக் காசைப் பொதுப் போக்குவரத்துக்குக் கொடுக்கிறார்கள்.

ஆனால் டிக்கெட் இல்லை என்றால் மட்டும் போதாது, வண்டி வர வேண்டும். நான் வேலை பார்த்த காலத்தில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே அன்று எந்த ட்ரிப் கட் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாறை, தடியன்குடிசைப் பக்கத்துப் பிள்ளைகள் மொத்தமாக வரவில்லை என்றால் காலை வண்டி இறங்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பிள்ளைகள் கையில் இலவச பாஸ் இருந்தது. பாஸை வைத்துக்கொண்டு மலையிலிருந்து நடந்தா வருவார்கள்?

இதுவும் நம் ஊருக்கு மட்டும் உள்ள கதை இல்லை. 2025 ஆகஸ்டில் பிலடெல்பியாவில் பணம் இல்லை என்று 32 பஸ் தடங்களை நிறுத்தினார்கள், சரியாகப் பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில். அங்கேயும் பிள்ளைகள் பொது பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். ஊர் கொதித்தது, வழக்குப் போட்டார்கள், மூன்று வாரத்தில் தடங்கள் திரும்பி வந்தன. இங்கே ஒரு ட்ரிப் கட் ஆனால் நாம் என்ன செய்கிறோம்? பைக்கை எடுக்கிறோம். பைக் இல்லாதவர் பாடு அவர் பாடு.

வசதி வந்தவன் பஸ்ஸை விட்டு இறங்குகிறான். சத்தம் போட ஆள் குறைகிறது. வண்டியும் குறைகிறது. டாலஸோ சென்னையோ அய்யம்பாளையமோ, எங்கும் பஸ் இப்படித்தான் சாகிறது.

அதனால் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது வாடகைக் கார் வேண்டாம். கொடைரோட்டில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து வாருங்கள். எங்கே எவ்வளவு நேரம் நின்றீர்கள், எந்த வண்டி வரவில்லை, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். அதை மனுவாக எழுதி, கையெழுத்துப் போட்டு, போக்குவரத்துக் கழகத்துக்கும் எம்எல்ஏவுக்கும் அனுப்புங்கள். நான் அனுப்பினால் வயசான வாத்தியார் புலம்புகிறார் என்பார்கள். ஐம்பது பேர் அனுப்பினால் பதில் சொல்லியாக வேண்டும்.

பட்டிமன்றத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கணக்கு வாத்தியார்,
அய்யம்பாளையம்