கைக்குழந்தை அறையில் கணப்புச் சட்டி எதற்கு?

நவம்பர் பிறந்து விட்டால் போதும், எங்கள் நீலகிரியில் பேச்செல்லாம் குளிரைப் பற்றித்தான். தலைகுந்தா பக்கம் உறைபனி விழுந்து, புல்வெளி உப்பைக் கொட்டினாற்போல் வெளுத்துக் கிடப்பதைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அது அழகு. பச்சைக் குழந்தையை வைத்துக் கொண்டு ராத்திரியை ஓட்டுகிறவளைக் கேட்டால் அல்லவா தெரியும்!

சமவெளியில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்த பெண்கள்தான் ரொம்பவும் தவித்துப் போகிறார்கள். குழந்தையின் கை, கால் கொஞ்சம் ஜில்லென்று இருந்தால் போதும், உடனே வீட்டுப் பெரியவர்கள், "ஒரு சட்டியில் கரியைப் போட்டு உள்ளே வை" என்கிறார்கள். மலைப்பகுதியில் இப்படி அறைக்குள் கரி அடுப்பை வைத்து, கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை என்று எத்தனை முறை பேப்பரில் படித்து விட்டோம்! படித்து, உச் கொட்டி, மறந்தும் விடுகிறோம்.

"நாங்க எல்லாம் கணப்பு போட்டுப் பிள்ளை வளர்க்கலையா?" என்று மாமியார்கள் கேட்பது நியாயம்தான். ஆனால், அன்றைய வீடு வேறு. ஓட்டு இடுக்கிலும், பலகைச் சந்திலும் காற்று போய் வந்து கொண்டிருந்தது. இன்று கான்கிரீட் கூரை, கண்ணாடி ஜன்னல், ஒரு துவாரம் விடாமல் அடைத்த கதவு. கரி கனியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சில் கலந்தால், ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக் கொள்கிறது. "புகை அடங்கி, தணலான பிறகுதானே உள்ளே வைக்கிறோம்" என்பார்கள். அந்தத் தணலிலும் வாயு வந்து கொண்டேதான் இருக்கும். பெரியவர்களுக்காவது தலைவலி, குமட்டல் வந்தால் வாய்விட்டுச் சொல்ல முடியும். கைக்குழந்தை என்ன சொல்லும்?

சரி, ஹீட்டர் வாங்கலாம் என்றால், கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது. 2,000 வாட்ஸ் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட் இழுக்கும். ராத்திரி 8 மணி நேரம் ஓடினால் 16 யூனிட். இரண்டு மாத பில்லில் 960 யூனிட் ஏறி விடும். எந்த நடுத்தரக் குடும்பத்துக்கு இது கட்டும்? அதே ஹீட்டரை, குழந்தையைப் படுக்க வைப்பதற்கு முன் ஒரு மணி நேரம் மட்டும் போட்டு, அறை கதகதப்பானதும் அணைத்து விட்டால், இரண்டு மாதத்துக்கு 120 யூனிட்தான். ஆனால், 15 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில்தான் செருக வேண்டும். டி.வி.க்குப் போட்ட சின்ன பாயின்ட்டில் செருகி, ஒயர் உருகிப் போன வீடுகள் உண்டு. குழந்தைத் துணியை ஹீட்டர் மேல் காயப் போடவும் கூடாது.

உண்மையில் காசு அதிகம் இல்லாமல் செய்யக் கூடியதே நிறைய இருக்கிறது. வெயில் இருக்கும்வரை ஜன்னலைத் திறந்து வைத்து, மூன்றரை மணிக்கு மேகம் இறங்குமுன் சாத்தி விட வேண்டும். ஜன்னலுக்குப் பழைய கம்பளியைத் திரையாகப் போடலாம். கதவுக்கு அடியில் சாக்கைச் சுருட்டி வைத்தால் பாதிக் குளிர் அங்கேயே நின்று விடும். கட்டிலைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். மலைச் சுவர் ராத்திரியில் ஐஸ் கட்டி மாதிரி இருக்கும். தரையில் படுப்பவர்கள் கோரைப்பாய், அதன் மேல் கெட்டி ஜமுக்காளம், அதன் மேல் மெத்தை என்று போட வேண்டும். வெந்நீர்ப் பையைப் படுக்கையில் வைத்துச் சூடாக்கி, எடுத்து விட்டுத்தான் குழந்தையைக் கிடத்த வேண்டும். பையோடு சேர்த்துப் படுக்க வைத்தால் சருமம் வெந்து போகும்.

தூளியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஒற்றைப் புடவைத் தூளியில் மேலே எத்தனை போர்த்தினாலும், கீழேயிருந்து குளிர் ஏறிக் கொண்டே இருக்கும். பனி மாதங்களில் தூளியைப் பகலோடு நிறுத்திக் கொள்வது நல்லது.

தினமும் தலைக்கு ஊற்ற வேண்டும் என்று அடம் பிடிக்கும் பாட்டிகளும் இருக்கிறார்கள். குளிர் அதிகமான நாளில், மதியம் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்தாலே போதும். ஈரத் துணியோடு குழந்தை கிடக்கும் ஒரு மணி நேரம், ஜன்னலைத் திறந்து வைப்பதை விட மோசம்.

பிரசவ வார்டில் ஒரு நர்ஸம்மா சொல்லித் தந்தது இது: குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார். இரண்டும் கதகதப்பாக இருந்தால் கவலை இல்லை. வயிறு கதகதப்பு, பாதம் சில்லென்றால் குளிர் தாக்குகிறது. வயிறே சில்லென்றால் மார்போடு அணைத்துக் கொண்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். பிடரியில் வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறைக்க வேண்டும். நம்மை விட ஒரு அடுக்கு கூட இருந்தால் போதும். மூக்கு, வாய் மூட கம்பளியைப் போர்த்துவதும் ஆபத்துதான்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் ஊரில், கண்ணாடி உடைந்த ஜன்னலுக்கு அட்டையை ஒட்டிக் கொண்டு கைக்குழந்தையோடு வாடகைக்கு இருப்பவர்களைப் பார்க்கிறேன். முதல் தேதியில் வாடகை வாங்கத் தவறாதவர்கள், குளிருக்கு முன் ஒரு கண்ணாடி மாட்டித் தரக் கூடாதா? ஏழைத் தாய் கரிச் சட்டியைத் தேடுவதற்கு, பாதிக் காரணம் அந்த ஜன்னல்தான்.

எல்லாவற்றையும் விட மலிவான கணப்பு, நம் உடம்பு. குழந்தையைத் துணியில்லாமல் மார்பில் சாய்த்து, மேலே போர்த்திக் கொள்ளும் கங்காரு முறையை, 1970-களின் கடைசியில் கொலம்பியா நாட்டு டாக்டர்கள் தொடங்கினார்களாம். இன்று நம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் சொல்லித் தருகிறார்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றினால் மட்டும், குழந்தையை அதன் படுக்கையில் விட்டு விட வேண்டும். இது அம்மாதான் செய்ய வேண்டும் என்று இல்லை. எங்கள் இரண்டாவது பிள்ளைக்கு முன்ராத்திரி என் கணவர், பின்ராத்திரி நான் என்று முறை வைத்துக் கொண்டோம். முதல் இரண்டு நாள் கூச்சப்பட்டார். மூன்றாம் நாள், "உன்னை விட என்கிட்டதான் சீக்கிரம் தூங்குறான்" என்று பெருமை வேறு!

– ஒரு வாசகி, கோத்தகிரி.