ஃபார்மட் போடுவதற்கு முன்னால்

கம்ப்யூட்டரில் எது மக்கர் செய்தாலும் "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்" என்று சொல்வது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. தலைவலிக்குத் தலையையே எடுக்கும் வைத்தியம் இது. லினக்ஸில் ஓடும் கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் இது தேவையே இல்லை என்பது என் கட்சி.

நூலகங்களில் உள்ள கோஹா மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக எழுதப்பட்டு, 2000-ல் ஓடத் தொடங்கியது. மவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. பெயருக்கேற்ப இலவசம். தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்கள் பலவற்றிலும் இருக்கிறது. புத்தகப் பட்டியல், உறுப்பினர் விவரம், யார் எதை எடுத்துப் போனார் என்பதெல்லாம் மரியாடிபி அல்லது மைஎஸ்க்யூஎல் என்னும் டேட்டாபேஸில் இருக்கும்.

ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் திரை வருகிறது, கோஹா வரவில்லை. டேட்டாபேஸ் கிளம்பாமல் போயிருக்கலாம். அதற்காகப் பதிவுகள் அழிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அவை டிஸ்கில் அப்படியே இருக்கும். ஃபார்மட் செய்தால்தான் போகும்.

ஏன் கிளம்பவில்லை? வழக்கமான காரணங்கள் சில உண்டு. டிஸ்க் நிரம்பி, எழுத இடமில்லாமல் போயிருக்கலாம். அல்லது, முன்பு யாரோ கையால் 'ஸ்டார்ட்' செய்துவிட்டு, 'எனேபிள்' செய்யாமல் போயிருக்கலாம். பால்காரரிடம் "இன்னிக்கு ஊத்துங்க" என்பதற்கும் "தினமும் ஊத்துங்க" என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

மூன்றாவது காரணம் வரிசை. டெபியன், உபுண்டு இரண்டும் 2015-ல் சிஸ்டம்டி முறைக்கு மாறின. அது பல சேவைகளை ஒரே நேரத்தில் கிளப்பும். பதிவுகள் இரண்டாவது டிஸ்கில் இருந்து, அந்த டிஸ்க் இணைவதற்குள் டேட்டாபேஸ் முந்திக்கொண்டால் விழுந்துவிடும். நம் பொம்மிடி ஸ்டேஷனில் லைன் கிளியர் இல்லாமல் வண்டி புறப்படுமா? அதே போல, "இந்த டிஸ்க் வந்த பிறகே கிளம்பு" என்று செட்டிங்கில் ஒரு வரி சேர்த்தால் போதும். கம்ப்யூட்டரைப் போட்டதும் கிளம்பாத டேட்டாபேஸ், கொஞ்ச நேரம் கழித்துக் கையால் கிளப்பினால் ஓடுகிறதா? அப்படியானால் இந்தக் காரணமாக இருக்கலாம்.

திடீரென்று கரண்ட் போயிருந்தால் டேட்டாபேஸ் தன்னைத்தானே சரிபார்த்துக்கொண்டு எழ நேரம் எடுக்கும். பொறுமையிழந்து திரும்பத் திரும்ப அணைத்துப் போடக்கூடாது.

எந்தக் காரணம் என்று ஊகிக்கவும் வேண்டாம். ஏன் விழுந்தேன் என்று லினக்ஸ் தானே லாகில் எழுதி வைக்கிறது. ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளையில் அதைப் படிக்கலாம். படிக்க ஐந்து நிமிடம் ஆகுமா?

ஆகவே, சரிசெய்ய வருகிற தம்பியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "லாகில் என்னப்பா எழுதியிருக்கு? டேட்டாவை வேறு டிஸ்கில் காப்பி எடுத்துட்டியா?" இரண்டுக்கும் பதில் வராமல் கீபோர்டைத் தொட விடாதீர்கள். மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஒரு நூலகர் வருடக்கணக்கில் உட்கார்ந்து அடித்த பட்டியலை யார் திரும்ப அடிப்பது?