புழுவை வெறுத்துப் பூச்சியைப் போற்றலாமா?

வண்ணத்துப்பூச்சியைக் கண்டு மகிழாதார் இலர். அதன் புழுவைக் கண்டு முகஞ்சுளிக்காதாரும் இலர். புழுவின்றிப் பூச்சி ஏது? இவ்வெளிய உண்மையை நான் கற்ற இடம் இராயப்பன்பட்டி.

சில ஆண்டுகளுக்கு முன், நாட்டு நலப்பணித் திட்ட முகாமிற்காக மாணவர்களுடன் அவ்வூருக்குச் சென்றிருந்தேன். மேகமலை அடிவாரத்தில், சண்முகாநதி நீர்த்தேக்கத்தின் அருகே, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அது. பாதையோரத்து எருக்கையும் ஆவாரையையும் களையெனக் கருதி வேரோடு அகற்றச் செய்தேன்; அவ்விடத்தில் குரோட்டன்ஸ் செடிகளை நட்டோம். மறுநாள் காலை, வாடிக் கிடந்த எருக்கங்குவியலின்மேல் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாய் வரிகொண்ட புழுக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. "ஐயா, இவை இனி எதைத் தின்னும்?" என்று மாணவர் ஒருவர் வினவினார். எனக்கு விடை தெரியவில்லை.

பின்னர்தான் அறிந்தேன்: அவை வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். எருக்கம்பாலின் நஞ்சை அப்புழு தன் உடலிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் பறவைகள் அதனை உண்ண அஞ்சும். இவ்வாறே கறிவேப்பிலையை நம்பிக் கறிவேப்பிலை அழகியும், ஆடுதின்னாப்பாளையை நம்பி ரோசா அழகியும், ஆவாரையை நம்பிக் கொன்றை வெள்ளையனும் முட்டையிடுகின்றன. வளர்ந்த பூச்சிக்குத் தேன் பல மலர்களிலும் கிடைக்கும். புழுவுக்கோ தனக்குரிய சில செடிகளின் இலையன்றி வேறு உணவில்லை. தேன்சிட்டும் சிட்டுக்குருவியும் தம் குஞ்சுகளுக்குப் பூச்சி புழுக்களையே ஊட்டுகின்றன. ஆகவே இலை அழிந்தால் பூச்சியோடு பறவையும் குறையும்.

மலரை மட்டும் கண்டு மயங்குதல் கூடாது. அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த உண்ணிச்செடியின் பூக்களில் வண்ணத்துப்பூச்சிகள் மொய்ப்பதைக் காண்கிறோம். எனினும் அதன் இலை நம் நாட்டு வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்குப் பெரும்பாலும் உணவாவதில்லை. விருந்து வைத்துவிட்டுத் தொட்டில் கட்ட இடந்தராத வீடு அது.

தமிழக அரசு 2019ஆம் ஆண்டில் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. 2021ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. இரண்டும் போற்றத்தக்கனவே. ஆயினும் மலைமேல் காப்பகம் அமைத்துவிட்டு, அடிவாரத்தில் வேலியோரச் செடிகளையெல்லாம் அழிப்பது முறையாகுமா?

உழவர் தம் திராட்சைக் கொடியைப் பூச்சிக்கு விட்டுவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. அது அவர்தம் வாழ்வு. வேலியோரத்தையும் வாய்க்கால் கரையையும் விட்டு வைத்தாலே போதும். மருந்து தெளிக்கும்போது அவ்விடங்களைத் தவிர்த்தாலே போதும். எருக்கம்பால் கண்ணுக்குத் தீங்கு செய்யும் என்பதும் உண்மையே. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அது வேண்டாம். யாரும் நடமாடாத மூலையில் இருக்கட்டும்.

குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை நிரல்படுத்திய கபிலர், புறநானூற்றில் எளிய எருக்கையும் கடவுள் ஏற்பதாகப் பாடினார். அவற்றை வகுப்பறையில் நயம்பட விளக்கிவிட்டு, வெளியே வந்து எருக்கை வெட்டச் சொன்னவன் நான். தமிழாசிரியனுக்கு இதனினும் பெரிய நாணம் உண்டோ?

சமுதாயப் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் மையவாடிகளில் தாமே முளைத்து நிற்கும் ஆவாரையையும் எருக்கையும் முற்றிலும் மழித்துவிடாதீர்கள். நடைபாதையைத் துப்புரவு செய்து ஓரங்களை விட்டு வையுங்கள். மாணவச் செல்வங்களே, வீட்டில் ஒரு கறிவேப்பிலைக் கன்றையேனும் நடுங்கள். அதில் புழு கண்டால் மருந்தைத் தேடாமல் சில நாள் பொறுத்திருங்கள். இழப்பது பத்து இலை. பெறுவது ஒரு வண்ணத்துப்பூச்சி.

அன்று அம்மாணவர் வினவிய வினாவுக்கு நான் இன்று தரக்கூடிய விடை இதுவே.